பழைய பிரஸ் சரி, பழைய பவுடர் வேண்டாம்

கேள்வி: ஐயா, டல்லாஸில் இருக்கிறேன். 9 எம்.எம். கைத்துப்பாக்கி ஒன்றும் .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒன்றும் வைத்திருக்கிறேன். வாரம் ஒருநாள் ரேஞ்சுக்குப் போவேன். சுட்ட தோட்டாக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பினால் செலவு குறையுமாமே? ஊர் மாறிப் போகும் நண்பர் ஒருவர் தோட்டா நிரப்பும் தன் டில்லன் 550 பிரஸ்ஸையும், பாதி தீர்ந்த இரண்டு வெடிமருந்துப் பவுடர் டப்பாக்களையும் சேர்த்துத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், டெக்சாஸ்

பதில்: தம்பி, அந்த டப்பாக்களை அவரிடமே விட்டுவிடுங்கள். திறந்த டப்பாவுக்குள் லேபிளில் உள்ள பவுடர்தான் இருக்கிறது என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், எரியும் வேகம் வேறாக இருக்கும்.

செலவு குறையாது. ஒரு தோட்டாவின் அடக்கவிலை குறையும், நீங்கள் இன்னும் அதிகமாகச் சுடுவீர்கள். என் வீட்டில் கணக்குப் பார்த்தவள் என் மனைவி.

550 அருமையான இயந்திரம். நான்கு நிலைகள், நிரம்பிவிட்டால் ஒவ்வொரு இழுப்புக்கும் ஒரு தோட்டா வந்து விழும். ஆனால் கூடுகளை அடுத்த நிலைக்கு நகர்த்தும் தட்டைக் கையால் திருப்ப வேண்டும். மறந்தால் ஒரே கூட்டில் இரண்டு முறை பவுடர் விழும். உங்கள் .38 ஸ்பெஷலில்தான் இது பெரிய ஆபத்து. அதன் கூடு, அதிக இடம் பிடித்த பழைய கருமருந்துக்காகச் செய்த அளவு. இன்றைய பவுடர் அடியில் கொஞ்சமாகத்தான் கிடக்கும். இரட்டிப்பாக விழுந்தாலும் வழியாது, கண்ணுக்கும் சட்டென்று படாது. துப்பாக்கியே வெடித்துப் போகலாம்.

எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. நிரப்பிக்கொண்டிருந்தபோது மதுரையிலிருந்து அக்கா போன். பேசிவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன் என்று நினைத்தேன். மறுநாள் ரேஞ்சில் ஒரு தோட்டா 'டுப்' என்றது, அவ்வளவுதான். பவுடரே இல்லை, கூட்டின் அடியில் தீப்பொறி தரும் ப்ரைமர் மட்டும் தள்ளி, குண்டு குழாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. அடுத்ததைச் சுட்டிருந்தால் இந்தப் பதிலை நான் இடக்கையால் எழுதிக்கொண்டிருப்பேன்.

அதனால் முதல் வருடம், ஒரு நேரத்தில் ஒரே வேலை செய்யும் ஒற்றை நிலை பிரஸ் போதும். பழைய வார்ப்பிரும்பு ஆர்.சி.பி.எஸ். ராக் சக்கர் கிடைத்தால் தைரியமாக வாங்குங்கள், உங்கள் பேரன் காலத்திலும் உழைக்கும். மிச்சப் பணத்தைத் தராசில் போடுங்கள். 7,000 கிரெயின் சேர்ந்தால்தான் ஒரு பவுண்டு; பத்தில் ஒரு கிரெயின் வரை காட்ட வேண்டும். சுட்ட கூட்டைப் பழைய அளவுக்கு அழுத்தும் டை வாங்கும்போது கார்பைடு டை கேளுங்கள், கைத்துப்பாக்கிக் கூடுகளுக்கு எண்ணெய் தடவும் வேலை மிச்சம். ஐம்பது கூடுகளுக்கும் பவுடர் போட்டு மரக்கட்டையில் நிறுத்தி, டார்ச் அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே குண்டை வையுங்கள். அளவு, பவுடர் கம்பெனியின் கையேட்டில் உள்ள ஆரம்ப அளவுதான். நண்பர் சொன்ன அளவு அல்ல.

உங்கள் சொந்த உபயோகத்துக்கு நிரப்ப அமெரிக்காவில் மத்திய உரிமம் தேவையில்லை. விற்கத் தொடங்கினால் தேவை. ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முயல வேண்டாம். இந்தியாவில் உரிமமில்லாமல் தோட்டா செய்வது ஆயுதச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: கணவர் சுட்ட கூடுகளை மெருகேற்றும் டம்ளர் இயந்திரத்தைச் சமையலறையில் ஓட்டுகிறார். தூசி பறக்கிறது. கைக்குழந்தை இருக்கிறது. பரவாயில்லையா?
- ஒரு வாசகி, ஒஹாயோ

பதில்: பரவும், அதுதான் பிரச்சினை அம்மா. ப்ரைமர் எரிந்த கரியில் ஈயம் உண்டு, அந்தத் தூசியிலும் உண்டு. இன்றைக்கே கராஜுக்கு மாற்றச் சொல்லுங்கள். கை கழுவி, சட்டை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்கட்டும்.