பெருவிடைப் பெட்டை முதல் வளர்ப்புக்கு ஏற்றதா?

அவிநாசி அருகே முதன்முறையாகக் கோழி வளர்க்கவிருக்கும் தாங்கள், பொடக்காளியில் (புழக்கடையில்) பெருவிடை என்னும் பெரிய உடல்வாகுள்ள நாட்டுக்கோழி இனத்துப் பெட்டைகள் இரண்டை விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். முட்டைக்காக என்றால் வேண்டாம் என்பேன். ஓர் ஈட்டில் 10, 12 முட்டைகள் இட்டதும் அடைக்கு அமர்ந்து, 21 நாள் காத்துப் பொரித்து, குஞ்சுகளைப் பிரிக்கும் வரை பெரும்பாலும் மறு ஈட்டுக்கு வராது. குஞ்சுகளுக்காக என்றால் அதைவிட நல்ல தாய் அரிது. பருந்தின் நிழல் தரையில் விழுந்த கணமே எங்கள் பெட்டை கழுத்து மயிரைச் சிலிர்த்து நிற்கும். ஆனால் தீனி வைக்கும் என் கையை ஒருநாளும் கொத்தியதில்லை. சிக்கல் பிற கோழிகளோடுதான். வெவ்வேறு இடங்களில் வளர்ந்த இரண்டைச் சேர்த்துவிட்டால், கொண்டை கிழியும் வரை பொருதும். ஆகவே ஒன்றாக வளர்ந்த உடன்பிறப்புகளையே வாங்குங்கள். குஞ்சுடன் இருப்பதைத் தனிக் கொடாப்பில் (கோழியை மூடி அடைக்கும் கூடையில்) அடையுங்கள்.