நிலத்தை விற்க வேண்டாம், காரைக்குடியைப் பாருங்கள்

அம்மா, வணக்கம். பன்னிரண்டாவது முடித்த மகன் எந்நேரமும் தாத்தாவின் ரிக்கார்டு பிளேயரும் கையுமாக இருக்கிறான், இசைத்தட்டு செய்யும் வீடியோவே கதி என்று வருந்தியிருக்கிறீர்கள். கவலை நியாயம்தான். ஆனால் அரை ஏக்கரை விற்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்க்கச் சொல்லும் உங்கள் அண்ணன் பேச்சைக் கேட்காதீர்கள். நிலம் போனால் அவரா வாங்கித் தருவார்?

ஒரு தடவை பையன் பக்கத்தில் உட்கார்ந்து அந்த வீடியோவைப் பாருங்கள். லாக்கர் என்ற மென்மையான பூச்சு பூசிய அலுமினியத் தட்டில் பாட்டு சுருள் தடமாக வெட்டப்படுகிறது. அதன்மேல் வெள்ளியை மெல்லிசாகப் படியவிட்டு, நிக்கல் கரைசலில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். எடுத்த எடுப்பில் மின்னோட்டத்தைக் கூட்டினால் வெள்ளிப் படலம் கருகிவிடும். குறைவாகத் தொடங்கி மெதுவாக ஏற்ற வேண்டும். வளர்ந்த நிக்கலை உரித்தெடுத்தால் பள்ளமெல்லாம் மேடாக இருக்கும். அது ஃபாதர். அதன்மேல் மறுபடி வளர்ப்பது மதர். இதைப் பிளேயரில் போட்டே பிசிறு இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கலாம். மதரிலிருந்து எடுக்கும் அச்சுதான் ஸ்டாம்பர். நிக்கல்மேல் நிக்கல் ஒட்டாமலிருக்க நடுவில் மிக மெல்லிய ஆக்சைடு படலம் வேண்டும். படியும் நிக்கலுக்குள் இழுவிசை மிஞ்சினால் தகடே வளைந்துவிடும். அப்புறம் அழுத்துவது அரை நிமிட வேலை: நீராவியில் சூடான இரண்டு ஸ்டாம்பருக்கு நடுவே இளகிய பி.வி.சி., சுமார் 100 டன் அழுத்தம், குளிர்நீர், ஓரம் வெட்டினால் தட்டு தயார். செக் நாட்டின் லோடெனிட்சேயில் 1951 முதல் இந்த வேலை நடக்கிறது.

"நிக்கல் ஏன் கிழியாமல் உரிகிறது?" என்று நோட்டில் எழுதி வைத்திருக்கிறான் என்றீர்களே, அது சுத்தமான மின்வேதியியல் கேள்வி. அதற்கென்றே காரைக்குடியில் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில் எழுந்த மத்திய அரசு ஆய்வகம். அங்கே பி.டெக். கெமிக்கல் அண்ட் எலக்ட்ரோகெமிக்கல் இன்ஜினியரிங் படிக்கலாம். பொறியியல் கலந்தாய்வு வழியாகவும் இடம் உண்டு. இடங்கள் குறைவு, அதனால் விருப்பப் பட்டியலில் முதலில் போடுங்கள். ஆராய்ச்சி நடக்கும் வளாகத்திலேயே படிப்பு என்பது இந்த மாதிரிப் பையனுக்குப் பெரிய வரம்.

இசைத்தட்டு ஆலை வேலையை நம்பி நான் இதைச் சொல்லவில்லை. இந்தியாவில் அந்த வேலைகளை விரல்விட்டு எண்ணலாம். ஆனால் பேட்டரி, முலாம், துருத்தடுப்பு, சர்க்யூட் போர்டு எல்லாவற்றுக்கும் இதே படிப்புதான் அடிப்படை. சீட் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல் சேருங்கள். அப்போதும் நிலத்தில் கை வைக்கக் கூடாது. விருப்பப் பட்டியலை அவன் கையாலேயே நிரப்பட்டும். அன்றைக்கு அண்ணனை வீட்டுக்குக் கூப்பிடாதீர்கள்.