பெல்ட், டான், மரியாதை: கேள்வி பதில்

இந்த முறை பெல்ட், டான் (பிளாக் பெல்ட் தகுதியின் படிகள்), குனிந்து வணங்குவது, மாஸ்டருக்கும் மாணவருக்கும் உள்ள உறவு பற்றி வந்த கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். நான் ஜூடோவிலிருந்து வந்தவன், இப்போது கராத்தேயும் சொல்லிக்கொடுக்கிறேன். அதனால் உதாரணங்கள் ஜப்பான் பக்கமே சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மாஸ்டர், என் பையனுக்கு ஒன்பது வயது. இரண்டரை வருடத்தில் கராத்தே பிளாக் பெல்ட் வாங்கிவிட்டான். என் மச்சான் வீட்டுக்கு வந்து, "இதெல்லாம் காசுக்குக் கொடுக்கிற பெல்ட்" என்று அவன் எதிரிலேயே சொல்லிவிட்டார். இந்த பெல்ட் செல்லுமா, செல்லாதா?

கொடுத்த அமைப்புக்குள் செல்லும். அதைத் தாண்டி எந்த பெல்ட்டும் தானாகச் செல்லாது, என்னுடையதும்தான். எல்லா கலைக்கும் பொதுவாக ஒரே தலைமை என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு அமைப்பும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. டோக்கியோவில் ஜூடோவின் தலைமையகமான கோடோகானில் முதல் டானுக்குக் குறைந்தது 14 வயது ஆகியிருக்க வேண்டும். டேக்வாண்டோவின் தென்கொரியத் தலைமையகமான குக்கிவோன் 15 வயதுக்குக் கீழே டான் கொடுப்பதில்லை, ‘பூம்’ என்று தனித் தகுதி கொடுத்து, பாதி சிவப்பும் பாதி கறுப்புமான பெல்ட் கட்டிவிடுகிறார்கள். பிரேசிலியன் ஜுஜுட்சுவின் பெரிய கூட்டமைப்பில் 19 வயதுக்கு முன் பிளாக் பெல்ட் பேச்சே இல்லை. ஆக, ஒன்பது வயதுக்குப் பெரியவர்களின் தகுதியைக் கொடுப்பதில் பலருக்குத் தயக்கம் இருக்கிறது என்பது உண்மை.

சான்றிதழில் ‘ஜூனியர்’ என்று போட்டிருக்கிறதா, எந்த அமைப்பின் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். ஜூனியர் என்றால் 16, 18 வயதில் மறுபடி தேர்வு உண்டா என்று மாஸ்டரிடம் கேட்டு வையுங்கள். பையனிடமிருந்து பெல்ட்டைப் பிடுங்க வேண்டாம். கேட்டதைச் செய்துதானே வாங்கினான்? மச்சானிடம் பேச வேண்டியது பெல்ட்டைப் பற்றி அல்ல, குழந்தை எதிரில் பேசுகிற முறையைப் பற்றி.

கேள்வி: அந்தக் காலத்தில் பெல்ட்டைத் துவைக்கவே மாட்டார்களாம். வெள்ளை பெல்ட் அழுக்கேறி பிரவுனாகி, கடைசியில் கறுப்பாகிவிடுமாம். அதனால்தான் நாங்களும் துவைப்பதில்லை. உண்மையா சார்?

தயவுசெய்து துவையுங்கள். கதை அழகாக இருக்கிறது, நடந்ததாகத்தான் தெரியவில்லை.

நடந்தது இதுதான். பழைய ஜப்பானிய ஜுஜுட்சு, வாள் பள்ளிகளில் பெல்ட்டில் தகுதி காட்டும் வழக்கமே இல்லை. குறிப்பிட்ட அளவு கற்றவருக்குச் சுருள் ஓலை மாதிரி ஒரு சான்று தருவார்கள். முழுவதையும் கற்றுத் தேர்ந்தவருக்கு ‘மென்க்யோ கைடன்’. அதைப் பெற்றவர் கலையைக் கற்பிக்கலாம். அதற்கு இடையில் சில படிகள், அவ்வளவுதான். ஒரு படியிலிருந்து அடுத்த படிக்கு வருடக்கணக்கில் ஆகும்.

ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-இல் கோடோகானைத் தொடங்கினார். அவர் அடிப்படையில் கல்வியாளர், பள்ளிக்கூடம் நடத்தத் தெரிந்தவர். வருடக்கணக்கில் எந்த அங்கீகாரமும் இல்லாமல் போனால் இளைஞர்கள் சோர்ந்துவிடுவார்கள் என்று அவருக்குத் தெரியும். ‘கோ’ என்ற பலகை விளையாட்டில் ஆட்டக்காரர்களை டான் கணக்கில் தரம் பிரிக்கும் முறை ஏற்கெனவே இருந்தது. அதே டானை எடுத்து, 1883-இல் சைகோ ஷிரோ, தொமிதா ட்சுனெஜிரோ என்ற இரண்டு மாணவர்களுக்கு முதல் டான் கொடுத்தார். அப்போது அவர்கள் இடுப்பில் கறுப்பு பெல்ட் இல்லை. டான் வாங்கியவர்கள் கறுப்பு கட்டும் வழக்கம் சில வருடம் கழித்து வந்தது. வகுப்பில் யார் கற்றவர், யார் கற்றுக்குட்டி என்று ஒரு பார்வையில் தெரிய வேண்டும், அதற்குத்தான்.

மஞ்சள், ஆரஞ்சு, பச்சை எல்லாம் பெரும்பாலும் ஐரோப்பாவின் வேலை. 1930-களில் பாரிஸில் ஜூடோ கற்பித்த கவாய்ஷி மிக்கினோசுகே இதைப் பரப்பியவர்களில் முக்கியமானவர். கண்ணுக்குத் தெரிகிற சின்னச் சின்னப் படிகள் இருந்தால் ஆள் நிற்பான் என்று அங்கே கண்டுகொண்டார்கள். ஆயிரம் வருடப் பாரம்பரியம் என்று யாராவது உங்கள் பச்சை பெல்ட்டைக் காட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள்.

கேள்வி: கராத்தே ஒகினாவாவில் பிறந்தது என்கிறார்கள். அங்கே பெரியவர்கள் எத்தனையாவது டான் வைத்திருந்தார்கள்?

பழைய ஆட்களுக்கு டானே கிடையாது. ஃபுனகோஷி கிச்சின் 1922-இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோ போய் கராத்தேயைச் செய்து காட்டினார். கானோ அவரை ஆதரித்தார். 1924 ஏப்ரலில் ஃபுனகோஷி ஏழு பேருக்கு முதன்முதலாகக் கராத்தே பிளாக் பெல்ட் கொடுத்தார். உடை, பெல்ட், டான் மூன்றுமே ஜூடோவிடமிருந்து வாங்கியவைதான்.

ஃபுனகோஷி தன் பெயருக்கு ஐந்தாவது டானுக்கு மேல் எதையும் ஏற்கவில்லை. கோஜு ரியூ என்ற கராத்தே பிரிவைத் தோற்றுவித்த மியாகி சோஜுன் ஒரு படி மேலே போய், மாணவர் யாருக்கும் டானே கொடுக்கவில்லை. 1953-இல் அவர் இறந்தபோது, அடுத்தவர் யார் என்று காட்ட ஒரு காகிதம் இல்லை. மாணவர்கள் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தார்கள். பெல்ட்டே வேண்டாம் என்பவர்கள் இந்தக் கதையின் பின்பாதியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் "10-வது டான் கிராண்ட்மாஸ்டர்" என்று ஃப்ளெக்ஸ் வைத்திருக்கிறார் ஒருவர். வயது நாற்பதுகூட இருக்காது. நம்பலாமா?

கோடோகான் தொடங்கி 140 வருடத்துக்கு மேல் ஆகிறது. அங்கே பத்தாவது டான் பெற்றவர்கள் மொத்தம் 15 பேர். 2006-இல் மூன்று பேருக்குச் சேர்த்துக் கொடுத்தார்கள், மூவருமே எண்பதை நெருங்கியவர்கள் அல்லது தாண்டியவர்கள்.

ஜப்பானிய வாள் சண்டைக் கலையான கெண்டோவைப் பாருங்கள். அங்கே இடுப்பில் எந்த நிறமும் இல்லை. முதல் டானும் எட்டாவது டானும் ஒரே மாதிரிதான் உடுத்தியிருப்பார்கள். எட்டாவது டான் தேர்வு எழுதவே 46 வயது ஆகியிருக்க வேண்டும், ஏழாவது வாங்கி பத்து வருடம் கழிந்திருக்க வேண்டும். அப்படிப் போகிறவர்களிலும் நூற்றுக்கு ஒருவர் தேறினால் பெரிது.

ஜப்பான் என்றாலே சுத்தம் என்றும் நினைக்க வேண்டாம். வாளை உருவும் கலையான இயாய்டோவில், உயர் டான் தேர்வில் தேர்வு எடுப்பவர்களுக்குப் பணம் கைமாறியது 2018-இல் வெளியே வந்து அங்கே பெரிய செய்தியானது.

உங்கள் ஊர்க்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "ஒன்பதாவது டான் யார் கொடுத்தார்கள், பத்தாவது யார் கொடுத்தார்கள்?" இரண்டுக்கும் பதில் அவர் தொடங்கிய சங்கமே என்றால் உங்களுக்கே புரிந்துவிடும். ஆனால் ஆள் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவராகவும் இருக்கலாம். ஃப்ளெக்ஸை விட்டுவிட்டு ஒரு நாள் வகுப்பைப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் கிளப்பில் பசங்களுக்குச் சீக்கிரம் கிரேடிங் கிடைக்கிறது. பொண்ணுங்களை "பொறுமையா இரும்மா, அதுதான் மரியாதை" என்கிறார்கள். கேட்டால் தப்பா அண்ணா?

தப்பே இல்லை தங்கச்சி. உனக்கு ஃபுக்குதா கெய்கோவைத் தெரிந்திருக்க வேண்டும்.

1913-இல் டோக்கியோவில் பிறந்தவர். கானோவுக்கு ஜுஜுட்சு கற்பித்த ஃபுக்குதா ஹச்சினோசுகேயின் பேத்தி. அந்த நன்றிக்காகக் கானோவே அவரை ஜூடோ கற்க அழைத்தார். ஐந்தடிகூட இல்லாத உருவம். 1953-இல் ஐந்தாவது டான் வாங்கினார். அங்கேயே நிறுத்திவிட்டார்கள். பெண்களுக்கு ஐந்துக்கு மேல் கிடையாது என்பதுதான் அப்போது கோடோகானின் நடைமுறையாக இருந்தது. அவரிடம் கற்ற ஆண்கள் அவரைத் தாண்டிப் போனார்கள், அவர் அதே டானில் இருந்தார். வெளியிலிருந்து பலர் எழுதி, கேட்டு, வற்புறுத்திய பிறகு 1972-இல் ஆறாவது வந்தது. ஒன்பதாவது டான் கோடோகானிடமிருந்து கிடைத்தது 2006-இல், அப்போது அவருக்கு 92 வயது. பத்தாவதை 2011-இல் அமெரிக்க ஜூடோ அமைப்பு கொடுத்தது. 2013-இல், 99 வயதில் சான் ஃபிரான்சிஸ்கோவில் இறந்தார்.

அவர் பொறுமையாகத்தான் இருந்தார், சரி. ஆனால் கதவு திறந்தது மற்றவர்கள் தட்டியதால். பெண்களின் கறுப்பு பெல்ட்டில் நடுவே வெள்ளைக் கோடு ஓடும் வழக்கம் சர்வதேசப் போட்டிகளில் 1990-களின் கடைசி வரையும், ஜப்பானில் அதற்குப் பிறகும் நீடித்தது. பாரம்பரியம் என்றுதான் அதற்கும் பெயர். உன் மாஸ்டரிடம் போய், "அடுத்த கிரேடிங்குக்கு என்னென்ன வேண்டும், எழுதிக் கொடுங்கள் மாஸ்டர்" என்று கேள். பசங்களுக்கும் அதே பட்டியலா என்று பார். வேறு பட்டியல் என்றால் கிளப்பை மாற்று.

கேள்வி: நாங்கள் முஸ்லிம் குடும்பம். ஜூடோ வகுப்பில் சுவரில் உள்ள படத்தை நோக்கிக் குனியச் சொல்கிறார்கள். மகளைச் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது.

அங்கே இரண்டு வணக்கம் நடக்கிறது, பிரித்துப் பாருங்கள். எதிரில் நிற்பவருக்கு இடுப்பிலிருந்து முப்பது டிகிரி அளவுக்குக் குனிவது "உன்னைக் காயப்படுத்தாமல் பயிற்சி செய்கிறேன்" என்கிற சம்மதம், போட்டியிலும் அது கட்டாயம். ஈரான், எகிப்து, உஸ்பெகிஸ்தான் வீரர்கள் எல்லாரும் செய்கிறார்கள். படத்துக்குக் குனிவது கிளப் வழக்கம். சேர்வதற்கு முன்பே மாஸ்டரிடம் சொல்லிவிட்டால், அந்த நேரத்தில் நேராக நிற்க விடுவார்கள். நான் விடுகிறேன். விட மாட்டேன் என்பவரிடம் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: மாஸ்டர் பிரம்பால் அடிக்கிறார், கெட்ட வார்த்தை சொல்கிறார். வீட்டில் சொன்னால் "அடியாத மாடு படியாது, குருவை எதிர்த்துப் பேசாதே" என்கிறார்கள். நான் ப்ளஸ் ஒன் படிக்கிறேன்.

தம்பி, இந்தப் பதிலை அப்படியே அப்பா அம்மாவிடம் காட்டு.

ஜப்பான் பெண்கள் ஜூடோ அணியில் உலகத்தரத்தில் இருந்த 15 பேர், தலைமைப் பயிற்சியாளர் அடிக்கிறார், அவமானப்படுத்துகிறார் என்று புகார் கொடுத்தார்கள். 2013 தொடக்கத்தில் அது வெளியே தெரிந்தது, அவர் பதவி விலகினார். மரியாதை தெரியாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியுமா? ஜூடோ பிறந்த நாட்டில், சின்ன வயதிலிருந்து தினமும் குனிந்து வணங்கி வளர்ந்தவர்கள் அவர்கள்.

பயிற்சியில் அடிபடும். தூக்கிப் போடுவார்கள், மூச்சு முட்டும். அதெல்லாம் உனக்குத் தெரிந்து, நீ சம்மதித்து, உன்னால் நிறுத்தச் சொல்ல முடிகிற விஷயம். ஜூடோவில் இரண்டு முறை தட்டினால் எதிராளி உடனே விட்டாக வேண்டும், அவர் எத்தனையாவது டானாக இருந்தாலும். பிரம்படியில் தட்டி நிறுத்த வழி உண்டா? நாளையிலிருந்து போகாதே. வீட்டில் கேட்கவில்லை என்றால் பள்ளியில் ஆசிரியரிடம் சொல், அல்லது 1098-க்குப் போன் செய்.

கேள்வி: நான் கராத்தேயில் இரண்டாவது டான். ஜூடோ கற்க ஆசை. வெள்ளை பெல்ட் கட்டணுமா? என் சென்சாய் "வேறு இடம் போனால் துரோகம்" என்கிறார்.

வெள்ளை கட்டுங்கள், எந்தக் கௌரவமும் குறையாது. வாடோ ரியூ என்ற கராத்தே பிரிவை உருவாக்கிய ஓட்சுகா ஹிரோனோரி, ஜுஜுட்சுவில் நன்கு தேர்ந்த பிறகு ஃபுனகோஷியிடம் மாணவராகப் போனவர். 1924-இல் அந்த முதல் பெல்ட் வாங்கிய ஏழு பேரில் அவரும் ஒருவர்.

துரோகம் என்பதற்கு கானோவே பதில். 1930-இல் உயேஷிபா மொரிஹேயின் கலையைப் பார்த்து அசந்துபோனார் (பின்னால் ஐக்கிடோ என்று பெயர் வந்த கலை). பொறாமைப்படவில்லை. மோச்சிசுகி மினோரு போன்ற தன் நல்ல மாணவர்களையே அங்கே கற்றுவர அனுப்பினார். உங்கள் சென்சாயிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஒளித்துப் போக வேண்டாம். சொன்ன பிறகும் கோபித்தால் அது அவர் பாடு.

கேள்வி: ஜெயித்ததும் கத்திக் குதித்தேன், மாஸ்டர் திட்டினார். ஜெயித்தால் சந்தோஷப்படக் கூடாதா?

எதிராளிக்கு வணக்கம் சொல்லி, பாயை விட்டு இறங்கியதும் எவ்வளவு வேண்டுமானாலும் குதி. கெண்டோவில் புள்ளி எடுத்ததும் கையை உயர்த்திக் கொண்டாடினால், எடுத்த புள்ளியையே ரத்து செய்துவிடுவார்கள்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ், புடோகான் அரங்கம். எடைப் பிரிவு இல்லாத இறுதிப் போட்டியில் நெதர்லாந்தின் ஆண்டன் ஹேசிங்க், ஜப்பானின் கமினாகா அகியோவைத் தரையில் அமுக்கிப் பிடித்து ஜெயித்தார். சொந்த மண்ணில் ஜப்பான் தோற்றது, அரங்கமே உறைந்துபோனது. நெதர்லாந்து ரசிகர்கள் சந்தோஷத்தில் பாயை நோக்கி ஓடி வந்தார்கள். ஹேசிங்க் இன்னும் எழுந்திருக்கக்கூட இல்லை, அதற்குள் ஒரு கையைத் தூக்கி அவர்களை நிறுத்தினார். எழுந்து, உடையைச் சரிசெய்து, கமினாகாவுக்கு வணக்கம் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம். அந்தக் கையைப் பற்றி ஜப்பானியர்கள் இன்றும் பேசுகிறார்கள்.

கேள்வி: சிலம்பத்துக்கும் இப்போது பெல்ட் கொடுக்கிறார்கள். சரிதானா?

கானோ செய்ததும் அதேதானே. பிள்ளைகளை நிற்க வைக்கும் என்றால் கொடுக்கட்டும். வாத்தியார் எந்தச் சுவடு, எந்த வரிசை வரை சொல்லிக்கொடுத்தார் என்று சொல்லத் தெரியாத பிள்ளைக்கு நிறத்தை மட்டும் கட்டிவிடாமல் இருந்தால் போதும்.

கேள்வி: கிரேடிங் ஃபீஸ் வருடம் நான்கு முறை கேட்கிறார்கள். எவ்வளவு நியாயம்?

தொகை ஊருக்கு ஊர் மாறும், அதில் தலையிட மாட்டேன். பணம் கட்டும் முன் மூன்று விஷயம் கேளுங்கள்: ஃபெயில் ஆனவர்கள் போன முறை யாராவது உண்டா, தேர்வு எடுப்பவர் வெளியிலிருந்து வருகிறாரா, ஃபீஸில் சான்றிதழும் பெல்ட்டும் அடக்கமா அல்லது தனியா. ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.