வாங்குமுன் கேளுங்கள்: சொந்தபந்தம் குடியிருந்தால்…

தம்பிக்கு என் ஃபிளாட்டை மாசம் 9,000 ரூபாய்க்கு விட்டேன். அக்ரிமெண்ட் போடவில்லை. எட்டு மாதமாக வாடகை வரவில்லை. கேட்டால், "12 வருஷம் இருந்தா வீடு எனக்குத்தான்" என்கிறான்.
– வாசகி, தாம்பரம்

12 வருஷக் கதையை நம்பிப் பயப்படாதீர்கள், அம்மா. நீங்களே சம்மதித்துக் குடிவைத்தவருக்கு, இருந்த வருஷக் கணக்கை வைத்து வீடு சொந்தமாகிவிடாது. கோவாவில் சகோதரியின் வீட்டில் தங்கிய சகோதரன் காலிசெய்ய மறுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2012-ல் இதைத்தான் சொன்னது. ஆனால் உங்கள் தம்பி இப்போது வீட்டுக்கே உரிமை பேசுகிறார். சும்மா இருக்காதீர்கள். வக்கீல் மூலம் உடனே நோட்டீஸ் அனுப்புங்கள். முன்பு அவர் வாடகை அனுப்பிய ஜிபே, வங்கிப் பதிவுகளை எடுத்து வையுங்கள். அவர் வாடகைக்கு இருப்பவர் என்பதற்கு அதுதான் சாட்சி.

எனக்கு ஆத்திரம் வரும் இடம் வேறு. "நம்ம புள்ளதானே, எதுக்கு அக்ரிமெண்ட்?" என்ற பேச்சு! முன்பின் தெரியாதவரிடம் ஆதார் நகல், அட்வான்ஸ், இரண்டு சாட்சிக் கையெழுத்து எல்லாம் கேட்போம். நாளைக்கு போலீசுக்குப் போகவும் கை வராத ஆளிடம் வெறும் சாவியைக் கொடுத்துவிடுவோம். தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்துவிட்டது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். தம்பி, மச்சான் என்று யாருக்கும் விலக்கில்லை. சித்தப்பா பையன் கடையில் பில் கேட்கக் கூச்சப்பட்டு நான் வாங்கிய இன்வெர்ட்டர், இன்றைக்கும் எங்கள் வாசலில் செருப்பு ஸ்டாண்டாக நிற்கிறது.

அப்பா வீட்டில்தான் இருக்கிறேன். வாடகை தருவதில்லை. எச்.ஆர்.ஏ. (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படி) வரிச் சலுகைக்கு ரசீது மட்டும் வாங்கிக் கொடுக்கலாமா?
– சேலம்

கூடாது. அது பொய்க்கணக்கு. வீடு அப்பா பெயரில் இருந்து, நீங்கள் நிஜமாகவே வங்கி வழியாக வாடகை கொடுத்தால் தாராளமாகக் கேட்கலாம். அவர் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். அதில் 30% கழிவு அவருக்கு உண்டு. அம்மாவுக்கு ரொக்கமாக வாடகை கொடுத்ததாகச் சொன்ன ஒரு பெண்ணின் கோரிக்கையை மும்பை வருமான வரித் தீர்ப்பாயம் 2017-ல் தள்ளிவிட்டது. புதிய வரி முறையில் இருக்கிறீர்களா? அதில் இந்தச் சலுகையே கிடையாது.

பெரியப்பா மகன் வீட்டை 7 லட்சத்துக்கு லீசுக்கு எடுத்தோம். 20 ரூபாய் பத்திரத்தில் எழுதினோம். இப்போது பழைய கடனுக்காக வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.
– மதுரை

வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தீர்களா? 7 லட்சம் கொடுப்பவர் அதற்குச் சில நூறு ரூபாய் செலவழிக்கக் கூடாதா? அடமானம் முந்தியது, உங்கள் லீசு பிந்தியது, பதிவும் இல்லை. வீட்டில் தொடர்ந்து இருப்பது கடினம். அண்ணனிடம் பணத்தைத் திரும்பக் கேட்டு நோட்டீஸ் விடுங்கள். சித்திரைக்குப் பேசிக்கலாம் என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மாடி போர்ஷனுக்கு மகள், மருமகனிடம் வாடகை வாங்கினால் ஊர் சிரிக்குமா?
– கும்பகோணம்

சிரிக்கட்டும். வாங்குங்கள். ஈபி பில்லையும் அவர்களையே கட்டச் சொல்லுங்கள்.