முதல் சொல் பிள்ளையுடையது: பிரெய்ல் கேள்வி பதில்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவிலிருந்தும் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகள் இவை. பார்வைக் குறைபாட்டோடு வேறு குறைபாடும் சேர்ந்த பிள்ளைகளுக்குப் பிரெய்ல், அதாவது விரலால் தடவி வாசிக்கும் புள்ளி எழுத்து, கற்பிப்பதுதான் என் வேலை. அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

டீச்சர், என் மகனுக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே பார்வை இல்லை. அறிவு வளர்ச்சியும் மெதுவாக இருக்கிறது. இரண்டு வருடமாக அ, ஆ சொல்லிக் கொடுத்தும் மனதில் தங்கவில்லை. "இவனுக்குப் பிரெய்ல் வராது" என்று பள்ளியில் சொல்லிவிட்டார்கள். (ஒரு தாய், கொழிஞ்சாம்பாறை)

வராது என்று முடிவு கட்டாதீர்கள் அம்மா. அவனுக்கு இதுவரை எழுத்தைத்தான் கொடுத்திருக்கிறார்கள், சொல்லைக் கொடுக்கவில்லை. பிரெய்லில் 'அ' என்பது ஒரே ஒரு புள்ளி. அவன் விரலுக்கு அது தாளில் ஒட்டிய மணல் மாதிரிதான். அவன் ஆசைப்படுகிற, தினமும் கேட்கிற சொல்லிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் டயான் வோர்ம்ஸ்லி இதை ஒரு முறையாகவே வகுத்திருக்கிறார்: முதலில் பிள்ளையின் சொல், பிறகு அந்தச் சொல்லுக்குள்ளிருந்து எழுத்து.

என்னிடம் படித்த ஒரு பையன், அப்பா வந்து இறங்கும் பஸ்ஸின் சத்தத்துக்காக மாலையெல்லாம் காது கொடுத்து உட்கார்ந்திருப்பான். 'பஸ்' தான் அவனுடைய முதல் சொல். ப, அடுத்து மெய் என்று காட்டும் ஒற்றைப் புள்ளி, பிறகு ஸ. மூன்றே கட்டம் (ஆறு புள்ளிக்கான இடம்தான் ஒரு கட்டம்). இரண்டாவது சொல் 'அம்மா'. அது ஐந்து கட்டம். எழுத்து தெரியாத விரலுக்கும் நீளத்தை வைத்தே இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியும். சொல்லுக்கு முன்னும் பின்னும் நடுப்புள்ளிகளால் ஒரு தடம் போட்டுக் கொடுத்தேன். விரல் அந்தத் தடத்தில் வழுக்கிக்கொண்டே போய்ச் சொல்லில் இடறும். பல நாள் இடறியும் நிற்காமல் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் 'ப' வைத் தாண்டிப் போன விரல் தானாகத் திரும்பி வந்தது, மறுபடி தொட்டது. "பஸ்!" என்று அவன் போட்ட சத்தம் பக்கத்து வகுப்புக்கும் கேட்டது. அதே 'ப' வைப் பின்னர் 'பழம்' என்ற சொல்லிலும் அவனே கண்டுபிடித்தான். அப்புறம்தான் எழுத்துக்கு அவனிடம் பெயர் வந்தது.

சொல்லைப் பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் மகன் எதைக் கேட்டால் சிரிக்கிறான் என்பது உங்களுக்குத்தான் தெரியும். இன்னொன்று: பிரெய்லில் 'இ' யும் 'ஏ' யும் கண்ணாடியில் பார்த்ததுபோல இடம் வலம் மாறியவை. இரண்டையும் ஒரே வாரத்தில் தரவே கூடாது.

முட்டை அட்டையில் ஆறு குழி வெட்டி, பந்து வைத்து எழுத்துப் பழக்குகிறேன். சரியா? (சிறப்பாசிரியர், பொள்ளாச்சி)

கட்டத்தின் ஒன்று முதல் ஆறு வரையிலான புள்ளி எண்களைச் சொல்லவும் எழுதவும் உதவும், வாசிக்க உதவாது. உண்மையான பிரெய்லில் புள்ளிக்கும் புள்ளிக்கும் இடையே சுமார் 2.5 மில்லிமீட்டர்தான். முழுக் கட்டமும் விரல் நுனிக்கு அடியில் அடங்கிவிடும். பந்தை எண்ணிப் பழகியவன் தாளிலும் புள்ளியை எண்ணத் தொடங்குவான். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தை மாற்றுவது பெரும்பாடு.

தாளில் கையை வைத்தாலே என் மகள் இழுத்துக்கொள்கிறாள். பிடித்து வைக்கலாமா? (வேலந்தாவளம்)

வேண்டவே வேண்டாம். அவளுக்குக் கைதான் கண். உங்கள் கை கீழே இருக்கட்டும், அவள் கை மேலே. உங்கள் விரல் புள்ளிகளைத் தடவிப் போகும்போது அவள் கை அதன்மேல் தொற்றிக்கொண்டு வரும். பிடிக்காதபோது எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கும். நாளாக ஆக உங்கள் விரலைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்கு இழுங்கள். தாளுக்கு முன்பு நிலக்கடலை, தேங்காய் நார், ஈரத் துணி என்று கை பழகட்டும். அவசரப்படாதீர்கள்.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம். இரண்டு பிரெய்ல் படித்தால் பிள்ளை குழம்பாதா? (மீனாட்சிபுரம்)

இந்த விஷயத்தில் எல்லையோரப் பிள்ளைகளுக்கு அதிர்ஷ்டம்தான். 1951-இல் வந்த பாரதி பிரெய்லில் இந்திய மொழிகளுக்கெல்லாம் ஒலிதான் அடிப்படை. தமிழ் 'க' வுக்கும் மலையாளக் 'க' வுக்கும் ஒரே கட்டம். 'ழ' வும் அப்படியே. நம் 'அம்மா' ஐந்து கட்டம் என்றால் மலையாள 'அம்ம' நான்கு. கடைசி நெடில் ஒன்றுதான் வித்தியாசம். பார்வையுள்ள பெற்றோர் ஒன்றைக் கவனியுங்கள்: அச்சில் 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால் வரும், பிரெய்லில் காதில் விழும் வரிசைப்படி முதலில் க, பிறகு எ. பல்வகைக் குறைபாடுள்ள பிள்ளைக்கு முதல் சொற்கள் வீட்டு மொழியிலேயே இருக்கட்டும்.

பெருமூளை வாதம், வலது கை இறுகியே இருக்கிறது. ஒரு கையால் வாசிக்க முடியுமா? (கோவிந்தாபுரம்)

முடியும். முதலில் உட்காரும் முறையைச் சரிசெய்யுங்கள்: பாதம் தரையில் பட வேண்டும், தாள் வழுக்காத விரிப்பில் இருக்க வேண்டும். உடல் ஆடிக்கொண்டிருந்தால் விரல் எதையும் உணராது. வரிக்கு வரி நிறைய இடம் விடுங்கள். எழுதுவதற்கு, ஒரு கையால் இயக்கும் பெர்கின்ஸ் பிரெய்லர் என்ற பிரெய்ல் தட்டச்சுப்பொறியும் இருக்கிறது.

பதினோரு வயது ஆகிவிட்டது, சேர்க்க மாட்டோம் என்கிறார்கள்.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. அந்தச் சட்டத்தின் 21 வகைகளில் பல்வகைக் குறைபாடும் ஒன்று. சான்றிதழோடு, எழுத்தாகவே கேளுங்கள்.

பேத்திக்குக் காதும் கேட்காது, கண்ணும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது, டீச்சர்? (ஒரு பாட்டி)

உங்கள் சமையலறையிலிருந்து, பாட்டி. சாப்பாட்டுக்கு முன் தினமும் ஒரே கரண்டியை அவள் கையில் கொடுங்கள். குளிக்கப் போகும்முன் ஒரே துண்டு. கரண்டியைத் தொட்டதும் அவள் வாயைத் திறக்கத் தொடங்கினால், பொருள் அவளுக்குச் சொல்லாகிவிட்டது. அன்றைக்கு எனக்கு எழுதுங்கள், 'சோறு' என்று பிரெய்லில் அடித்த அட்டை அனுப்புகிறேன். அதைக் கரண்டிக் காம்பில் கட்டி வையுங்கள்.