வாசகர் கேள்வி பதில்: புளோக்குக்குக் கீழேயே படம் இருக்கிறது

கேள்வி: சிங்கப்பூரின் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். கைப்பேசியும் 50 மி.மீ. லென்ஸ் போட்ட பழைய கேமராவும் இருக்கின்றன. மரினா பேயை எல்லாரும் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். வித்தியாசமாக எடுக்க எங்கே போவது?

பதில்: ஈசூனைவிட்டுப் போகவே வேண்டாம். காலை 7.15க்கு உங்கள் புளோக்கின் நீளச் சுவரை ஒட்டி நின்று பாருங்கள். வெயில் நேரே உள்ளே விழாதிருக்க, பல புளோக்குகளை வடக்கு, தெற்கு பார்த்துக் கட்டியிருக்கிறார்கள். அதனால் ஜூனில் வடக்குச் சுவரையும் டிசம்பரில் தெற்குச் சுவரையும் காலை வெயில் உரசிக்கொண்டு போகும். உரிந்த பெயின்ட், குழாயைப் பிடித்திருக்கும் துருப்பிடித்த ஆணி, பழைய பெயின்டின் மேல் அடித்த புதுப் பட்டை எல்லாம் அப்போது நிழலோடு எழுந்து நிற்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் சூரியன் மணிக்குச் சுமார் 15 டிகிரி ஏறிவிடும் என்பதால், இந்தத் தாழ்ந்த வெளிச்சம் அதிக நேரம் தாங்காது. முந்தின நாளே இடத்தைப் பார்த்து வையுங்கள்.

கேமராவில் லென்ஸ் துளை எஃப் 8, ஷட்டர் 1/250 விநாடி, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 400 என்று தொடங்குங்கள். கேமரா சுவருக்கு இணையாக இருக்கட்டும். கிட்டே நின்று எடுக்கும்போது திரும்பினால் ஓரம் மங்கலாம். ஃபிளாஷ் கூடாது. அது லென்ஸ் இருக்கும் பக்கத்திலிருந்தே அடிப்பதால் நிழல் செத்து, சுவர் தட்டையாகிவிடும். கைப்பேசியில் 2 மடங்கு லென்ஸ் இருந்தால் அதை வைத்துப் பின்னால் தள்ளி நின்று எடுங்கள். அகல லென்ஸோடு கிட்டே போனால் கோடுகள் இழுபடும்.

மழை விட்டதும் கார் நிறுத்துமிடத்தின் மேல்தளத்துக்குப் போங்கள். தேங்கிய தண்ணீர் ஒரு சாண் அகலம் இருந்தாலே முழு புளோக்கும் அதில் தெரியும். கைப்பேசியைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸைத் தண்ணீருக்கு ஓரிரு செ.மீ. மேலே கொண்டுவாருங்கள். ஃபோகஸ் மிதக்கும் இலையில் போய் ஒட்டிக்கொள்ளும்; பிம்பத்தில் தெரியும் ஜன்னலைத் தொட்டு ஃபோகஸைப் பூட்டிவிடுங்கள்.

தேக்கா ஈரச்சந்தையில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தால் விளக்குதான் காரணம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், சில விளக்குகள் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50இல் வைத்தால் பட்டை போய்விடும். கடைவீடுகளின் பின்சந்துகளையும் விட்டுவிடாதீர்கள். முன்பக்கம் பளபளவென்று இருக்கும் வரிசைக்கும் பின்னால் ஏர்கான் குழாயும் இரும்புப் படிக்கட்டுமாக அத்தனை அழகு கிடக்கிறது.

அடுத்தவர் வாசலில் இருக்கும் செருப்பு, செடி, சாமி படம் என்றால் கேட்டுவிட்டு எடுங்கள். சீனர்கள் ஏழாம் மாதத்தில் ஆவிகளுக்கு வைக்கும் படையலைத் தொட்டு நகர்த்தவே கூடாது.

கேள்வி: வெளியே வந்ததும் லென்ஸில் ஆவி படிகிறதே? (வாசகி, பிடோக்)

பதில்: ஏர்கான் அறையில் கேமரா குளிர்ந்துவிடுகிறது. இங்கே வெளிக்காற்றில் ஈரம் அதிகம். சுமார் 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் படிந்துவிடும். அறைக்குள்ளேயே ஜிப் பையில் போட்டு மூடி வெளியே கொண்டுவந்து, 20 முதல் 30 நிமிடம் கழித்துத் திறங்கள். துடைத்தால் மறுபடி படியும். அந்த நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள், சென்சார்மேலும் ஈரம் இறங்கும்.