மாநில அரசியலமைப்பைத் திருத்தினால் ஏற்கெனவே பதவியில் இருப்பவர்கள் எந்த விதிக்கு உட்படுவார்கள்?

திருத்தம் நடப்புக்கு வந்த நாளிலிருந்து எல்லாமே புதிய விதிப்படிதானே நடக்க வேண்டும், பழைய விதிக்கு அதன்பின் என்ன வேலை என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படியன்று. புதிய விதி யாரை, எந்த நாளிலிருந்து கட்டுப்படுத்தும் என்பதைப் பெரும்பாலும் திருத்தத்தின் இறுதியில் வரும் இடைமாற்றக் கால விதிகளே சொல்லும். மலாய் மூலத்தில் ‘பெராலிஹான்’ என்று தலைப்பிட்டிருக்கும். ஜார்ஜ்டவுனில் வழக்குரைஞர் அலுவலகம் ஒன்றில் இருபது ஆண்டுகளாகப் பணிபுரியும் நான், திருத்தம் வெளியான அரசாங்கப் பதிவேட்டின் (கெசட்) பிரதி மேசைக்கு வந்ததும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டித்தான் பென்சிலால் கோடிடுவேன்.

பினாங்கிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. கட்சி தாவும் சட்டமன்ற உறுப்பினர் இருக்கையை இழப்பார் என்ற 14ஏ பிரிவு 2012இல் மாநில அரசியலமைப்பில் சேர்க்கப்பட்டது. கிளந்தானில் இருந்த இதே போன்ற பிரிவு, சங்கம் சேரும் உரிமைக்கு முரணானது, செல்லாது என்று 1992இல் நீதிமன்றத்தால் தீர்ப்பளிக்கப்பட்டிருந்ததால், 14ஏ நிற்குமா என்ற ஐயம் தொடக்கத்திலிருந்தே இருந்தது. 2020இல் நான்கு உறுப்பினர்கள் தொடர்பில் அப்பிரிவைப் பயன்படுத்த முயன்றபோது விவகாரம் நீதிமன்றம் சென்றது. 2022 ஆகஸ்ட் 3ஆம் நாள் கூட்டரசு நீதிமன்றம் அப்பிரிவு செல்லும் எனத் தீர்ப்பளித்தது. அவ்வாண்டு அக்டோபர் 5ஆம் நாள் கூட்டரசு அரசியலமைப்பின் கட்சித் தாவல் தடையும் நடப்புக்கு வந்தது. ஆயினும் 2023 மார்ச்சில் அந்த நான்கு இருக்கைகளும் காலியானவை என்று பினாங்கு சட்டமன்றம் முடிவெடுத்தது பழைய 14ஏ பிரிவின்படியே. 2020இல் நடந்ததை, அன்று பினாங்கில் நடப்பிலிருந்த விதியைக் கொண்டே அளந்தார்கள். கூட்டரசு வாசகத்தோடு ஒத்துப்போகும் அவசரத்தில், காப்பு வாசகம் (முன்பு நடந்தவற்றுக்குப் பழைய விதியே பொருந்தும் என்று சொல்லும் வாசகம்) ஏதுமின்றி இடையில் 14ஏவை நீக்கியிருந்தால் அந்த நால்வர் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறார்கள் என்பதே புதிய வழக்காகியிருக்கும். 40 பேர் கொண்ட மன்றத்தில் திருத்தத்துக்குத் தேவையான 27 பேரின் ஆதரவைத் திரட்டுவதைவிட, அந்த ஒற்றை வாசகத்தைச் சரியாக எழுதுவதே கடினம் என்பது என் கருத்து.

நடப்புக்கு வரும் நாளும் இதே அளவுக்கு முக்கியமானது. வாக்களிக்கும் வயதை 18ஆகக் குறைக்கும் திருத்தத்தை நாடாளுமன்றம் 2019 ஜூலையில் நிறைவேற்றியது; அது நடப்புக்கு வந்ததோ 2021 டிசம்பர் 15இல். மலாக்காவில் வாழும் என் தங்கை மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. அம்மாநிலத் தேர்தல் நவம்பர் 20இல், அதாவது இருபத்தைந்து நாள் முன்னதாகவே நடந்து முடிந்துவிட்டது. “சட்டம் பாஸாகி ரெண்டு வருஷம் ஆச்சே மாமா, நான் ஏன் ஓட்டுப் போட முடியல?” என்று தொலைபேசியில் கேட்டாள். அவளுடைய வருத்தம் முழுக்க நியாயமானது. டிசம்பர் 18இல் வாக்களித்த சரவாக்கிலும், நடப்புக்கு வந்து மூன்று நாளாகியும், பதினெட்டு வயதினருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. வாக்காளர் பட்டியல் முன்பே முடிவாகியிருந்தது.

ஆகவே அடுத்த முறை மாநிலத் திருத்த மசோதா ஒன்று வெளியாகும்போது, பதவியில் இருப்பவரின் தவணை எப்படிக் கணக்கிடப்படும், தொடங்கிய வழக்கு எந்த விதியில் முடியும், முன்பு எடுத்த முடிவுகள் செல்லுமா என்பவற்றுக்கு அதில் விடை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், மசோதா விவாதிக்கப்படும் இரண்டாம் வாசிப்புக்கு முன்பே உங்கள் சட்டமன்ற உறுப்பினரிடம் எழுத்துமூலம் கேளுங்கள்.